மாமியாரைப் பிடித்த மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்கு அன்று பரீட்சை நாள். பேனா பிடித்து எழுதுகிற பரீட்சை இல்லை. நீதிமன்றக் கட்டடத்தின் முன்வாசலில், மெட்டல் டிடெக்டருக்குப் பக்கத்தில், காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே எழுத வேண்டிய பரீட்சை. காவலாளி வேலையில் அவருக்குக் கொடுத்திருந்த தற்காலிகக் காலம் அன்றோடு முடிகிறது. மாலையில் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, 'நீங்க இருங்க' என்றால் வேலை நிரந்தரம். 'சொல்லி அனுப்புறோம்' என்றால், பழையபடி மாமியார் வீட்டு மாடியில் உட்கார்ந்து 'ஆட்கள் தேவை' விளம்பரம் பார்க்க வேண்டியதுதான்.

இதற்கு முன் பார்த்த எந்த வேலையிலும் அவர் 'சொல்லி அனுப்புறோம்' என்ற கட்டத்தைத் தாண்டியதில்லை. மருந்துக் கடையில் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். பேருந்துக் கம்பெனியில் சொன்னார்கள். இன்றுவரை ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதில் அவருக்கு வருத்தம் கிடையாது. அத்தை ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் கீழே அத்தையின் குஷன் பட்டறையில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும்போது, மாடியில் தான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கே உறுத்தும்.

பட்டறையிலேயே சேர்த்துப் பார்க்காமலும் இல்லை. சேர்த்தார்கள். ஒரு பல் டாக்டரின் சோபா வந்திருந்தது. மாப்பிள்ளை பழைய துணியைக் கிழித்து முடித்ததும், கத்தியை ஃபோம் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் புது ரெக்சினை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து முடித்துவிட்டார்கள். சோபா போய்ச் சேர்ந்தது. மறுநாள் டாக்டர் போன் செய்தார்.

"என்கிட்ட வர்றவங்க எல்லாம் பல்லைப் பிடிச்சுக்கிட்டுதான் வருவாங்க. இப்போ வேற இடத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறாங்கம்மா" என்றார்.

அன்றிலிருந்து பட்டறையில் ஒரு கட்டளை. கத்தி கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மடக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மேஜை, ஃபோம், தரை என்று எங்கேயும் வைக்கக் கூடாது. வைத்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். கட்டளை போட்ட அத்தை அதை மற்றவர்களைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விழித்திருக்கும் நேரமெல்லாம் அவருடைய மேலங்கியின் வலது பையில் கத்தி இருக்கும். அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடி போட்டவருக்கு மூக்கில் கண்ணாடி இருப்பது தெரியாத மாதிரி.

பரீட்சை நாளன்று காலை, காபி குடிக்கும்போது அத்தைதான் பாடம் கேட்டார்.

"எங்க மாப்பிள்ளை, இன்னொரு தடவை சொல்லுங்க. கத்தி விஷயத்துல சட்டம் என்ன?"

"மடக்குக் கத்தி வெச்சுக்கலாம் அத்தை. ஆனா அலகு உள்ளங்கை அகலத்தைத் தாண்டக்கூடாது. விரிச்சா பூட்டிக்கிற மாதிரியும் இருக்கக்கூடாது. அதுக்கு மேல போனா நியாயமான காரணம் வேணும்."

"பழம் நறுக்கன்னு சொன்னா?"

"தாராளமா சொல்லலாம். பழம் எங்கன்னு கேப்போம்."

மாப்பிள்ளையின் மனைவி சிரித்துவிட்டாள். "அப்போ கத்தி வெச்சிருக்கிறவங்க எல்லாம் கூடவே ஒரு ஆப்பிளும் வெச்சுக்கணும்னு சொல்லுங்க."

"தற்காப்புக்குன்னு சொன்னா?" அத்தை விடவில்லை.

"ஐயோ, அதை மட்டும் சொல்லவே கூடாது! மனுஷனைக் குத்தத்தான் வெச்சிருக்கேன்னு அவங்களே ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும். நேரா ஸ்டேஷன்தான்."

"உங்க கட்டடத்துக்குள்ள?"

"உள்ள எதுவுமே கிடையாது. சின்னக் கத்தின்னா வாசல்ல வாங்கி வெச்சுட்டு, போகும்போது குடுப்போம். பூட்டுக் கத்தின்னா ஆளையும் உட்கார வெச்சுப் போலீஸ்காரரைக் கூப்பிடுவோம். காரணம் சரியா இல்லையான்னு அவர் பார்த்துக்குவார். வேலைக்காரங்க கருவியெல்லாம் பக்கவாசல் வழியா, முன்கூட்டியே சொல்லிட்டுதான் வரணும்."

"ஆளை உட்கார வெக்கிறீங்களே, உட்கார நல்ல இருக்கையாவது இருக்கா அங்க?"

"எங்க அத்தை! கூடத்துல இருக்கிற பெஞ்சு எல்லாம் கிழிஞ்சு, ஃபோம் வெளிய வந்து பல்லை இளிக்குது."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மகள் கேட்டாள். "ஏம்மா, அவர்கிட்ட சொல்லிட்டா என்ன?"

"என்னத்த சொல்றது? அந்த பெஞ்சுக்கெல்லாம் துணி மாத்துற வேலைக்கு என்னை அளவெடுக்கக் கூப்பிட்டிருக்காங்கன்னா? வேலை கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். இப்பவே சொன்னா, மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறாரு, மாமியாருக்கு உள்ள வேலை கிடைச்சிருச்சுன்னு நாலு பேர் பேசுவாங்க. எனக்கும் கெட்ட பேரு, அவருக்கும் கெட்ட பேரு. அதுவும் இன்னைக்கு!"

அத்தை மாப்பிள்ளை சொன்ன சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, வேலைப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கத்தரிக்கோல், குத்தூசி, வளைந்த ஊசிகள், பின் பிடுங்குகிற கொறடு, பின் அடிக்கிற கன் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். அளவெடுக்கிற டேப்பையும் ஒரு சாக்பீஸையும் மட்டும் உள்ளே போட்டார்.

"பார்த்துக்கோ, ஒரு ஊசி முனைகூடக் கிடையாது" என்று மகளிடம் பையை விரித்துக் காட்டினார். பிறகு, தினமும் போடுகிற மேலங்கியை மாட்டிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பினார்.

*

முன்வாசலில் வரிசை நீண்டிருந்தது. மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார். ஒருவரிடம் நகவெட்டியில் மடிந்திருந்த குட்டிக் கத்தியைக் கண்டுபிடித்து, ரசீது கொடுத்து, நன்றியும் வாங்கிக்கொண்டார். கையில் பிடிக்கிற டிடெக்டரோடு பக்கத்தில் நின்ற பெண் காவலாளி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவதால் அவளுக்கு அங்கே 'விசில்' என்றுதான் பெயர். மேற்பார்வையாளர் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேச மாட்டார். அவர் பார்ப்பதே பத்து பேர் பேசுகிற மாதிரி இருக்கும்.

அப்போதுதான் மாப்பிள்ளை வரிசையின் நடுவில் அத்தையைப் பார்த்தார்.

அந்த வாசலில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் சொல்லிக்கொடுத்த விதி இதுதான்: சொந்தக்காரர் யாராவது வரிசையில் வந்தால், உடனே வாயைத் திறந்து சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், அவரை அடுத்த காவலாளி சோதிப்பார். சின்ன விதிதான். 'சார், எங்க அத்தை' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். 'வேண்டாம், காட்டிக்காதீங்க' என்று கண்ணாலேயே சொன்னார். பரீட்சை நடத்துகிறவர் தூணோரம் நிற்கிறார். மாமியாருக்குச் சலுகை கேட்கிறான் என்று நினைத்துவிட்டால்? டேப்பும் சாக்பீஸும்தானே வைத்திருக்கப் போகிறார், விடுவிடுவென்று உள்ளே போய்விடுவார். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

அத்தை டிடெக்டர் சட்டகத்துக்குள் நடந்தார். கருவி கத்தியது.

டேப்பைத் தட்டில் வைத்துவிட்டு மறுபடி நடந்தார். மறுபடியும் கத்தியது. சாவியை வைத்தார். கத்தியது.

"பையில வேற ஏதாவது இருக்காம்மா?" என்று விசில் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லையே" என்றபடி அத்தை மேலங்கியின் வலது பைக்குள் கையை விட்டார். விட்ட கை அங்கேயே நின்றது.

கையோடு வெளியே வந்தது பட்டறைக் கத்தி. மரப்பிடி. தீட்டித் தீட்டி ஒடுங்கிப்போன, ஆனால் உள்ளங்கையைத் தாராளமாகத் தாண்டும் அலகு. விரித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்.

"அத்..." என்றார் மாப்பிள்ளை.

வரிசையே திரும்பிப் பார்த்தது. மேற்பார்வையாளர் தூணை விட்டு நகர்ந்தார்.

"அத்... அத்தனையும் தட்டுல வைங்க" என்று எப்படியோ முடித்தார் மாப்பிள்ளை.

அத்தை ஒரு நொடி யோசித்தார். அவர் மனதில் ஒரு கணக்கு ஓடியது. விஷயம் கைமீறிவிட்டது. இனி கத்தியை மறைக்க முடியாது. ஆனால் இதிலும் ஒரு நன்மை இருக்கிறது. மேலதிகாரி பார்க்கும்போது மாப்பிள்ளை ஒரு குற்றவாளியைப் பிடித்தால், வேலை நிரந்தரம்தானே? பிடிபடுவது என்று ஆகிவிட்டது, நன்றாகவே பிடிபடுவோம்.

அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஆமா, கத்திதான். அதுக்கு என்ன இப்போ?"

"இதை உள்ள கொண்டு போகக் கூடாதும்மா" என்றார் மாப்பிள்ளை. அத்தையை அவர் 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நான் எதை வேணும்னாலும் வெச்சிருப்பேன். என்ன தம்பி, நீங்க... நீ... ரொம்பத்தான் அதிகாரம் பண்றீங்க... பண்ற!"

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை 'நீங்க' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். 'நீ' என்று சொல்ல அது சுலபத்தில் சம்மதிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவர், "அம்மா மரியாதையாத்தான் சண்டை போடுறாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

மேற்பார்வையாளர் அருகில் வந்துவிட்டார். "கேள்வியைக் கேளுங்க" என்றார் மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளை கேட்டார். "இந்தக் கத்தியை எதுக்காக வெச்சிருக்கீங்க?"

'பட்டறை வேலைக்கு' என்று சொல்வார், போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டு விட்டுவிடுவார் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தார். அத்தை நினைத்தது வேறு. சாதாரணக் காரணம் சொன்னால் சாதாரணக் கேஸ்தான். மாப்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது பெரிய கேஸ். காலையில் கேட்ட பாடம் நன்றாக நினைவிருந்தது.

"தற்காப்புக்கு!" என்றார் அத்தை, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "யாராவது கிட்ட வந்தா குத்திருவேன்!"

விசில் தன் பெயருக்கு ஏற்றபடி ஒரு விசில் ஊதினாள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் சட்டென்று பின்னால் போனார்கள்.

அத்தை தன் வாயாலேயே ஸ்டேஷனுக்கு வழி போட்டுக்கொண்டுவிட்டார். மேற்பார்வையாளர் தோளில் இருந்த வயர்லெஸ்ஸில் கையை வைத்தார். அதில் அவர் ஒரு வார்த்தை பேசிவிட்டால் விஷயம் பதிவாகிவிடும். மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் நின்றால் அவருக்கு வேலை நிச்சயம். அத்தை போலீஸ் வண்டியில் ஏறுவதும் நிச்சயம்.

"சார், நிறுத்துங்க!" என்றார் மாப்பிள்ளை. "இவங்க எங்க அத்தை. என் பொண்டாட்டியோட அம்மா. குஷன் பட்டறை வெச்சிருக்காங்க. அது பட்டறைக் கத்தி. இவங்க ஒரு ஈயைக்கூடத் துணியால விரட்டித்தான் பழக்கம்."

"யாருக்கு யார் அத்தை?" என்று அத்தை அவசரமாகக் குறுக்கே பாய்ந்தார். "இந்தத் தம்பியை நான் பார்த்ததே இல்லை! சும்மா இருங்க மாப்பிள்ளை!"

வரிசையில் சிரிப்பு வெடித்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. "வரிசையில வரும்போதே பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேன் சார்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"பயந்துட்டேன் சார்."

"ஒதுங்கி நில்லுங்க."

மாப்பிள்ளை ஒதுங்கி நின்றார். விசில் அத்தையைக் கூட்டிப்போய் ஃபோம் பிதுங்கிய பெஞ்சில் உட்கார வைத்தாள். அத்தை உட்கார்ந்ததும் பழக்கத்தில் பெஞ்சை விரலால் அழுத்திப் பார்த்து, "உள்ள பட்டையே அறுந்துபோச்சு" என்று முணுமுணுத்தார்.

போலீஸ்காரர் பாதி குடித்த டீயோடு வந்தார். கத்தியை விரித்துப் பார்த்தார், மடக்கினார், அத்தையைப் பார்த்தார். அத்தை இப்போது உள்ளதை உள்ளபடி சொன்னார். பெஞ்சுக்கு அளவெடுக்க வந்ததைச் சொன்னார். பையிலிருந்த கருவிகளையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, மேலங்கிப் பையை மறந்ததைச் சொன்னார். பல் டாக்டரின் சோபாவையும் விட்டுவிடாமல் சொன்னார். அதைக் கேட்டுப் போலீஸ்காரருக்குப் புரையேறி, டீ சட்டையில் சிந்தியது. மாடியில் இருந்து அலுவலகக்காரர் இறங்கிவந்து, "குஷன் அம்மா இன்னும் வரலையா?" என்று தேடியதும் எல்லாம் பொருந்திவிட்டது.

"காரணம் சரிதான்" என்றார் போலீஸ்காரர். "ஆனா வேலைக்கு வரும்போது, வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போகும்போது மட்டும்தான் இது நியாயம். இதே கத்தியோட காய்கறிக் கடைக்குப் போனீங்கன்னா அது நியாயம் இல்லை. புரியுதாம்மா? அடுத்த தடவை பக்கவாசல் வழியா, முன்னாடியே சொல்லிட்டு வாங்க. அது சரி, எதுக்கு தற்காப்புன்னு கத்துனீங்க?"

"மாப்பிள்ளைக்கு நல்ல பேரு கிடைக்கட்டும்னுதான்."

"நல்லா வாங்கிக் குடுத்தீங்க போங்க!" என்று போலீஸ்காரர் சட்டையைத் துடைத்துக்கொண்டே போனார்.

கத்தி வாசலில் தங்கியது. அத்தை டேப்போடு உள்ளே போனார். மதியம் வரைக்கும் கூடத்தில் பெஞ்சு பெஞ்சாக அளந்தார். நடுநடுவே வாசல் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மாப்பிள்ளை அந்தப் பக்கமே திரும்பவில்லை. திரும்பினால் இருவரில் ஒருவர் அழுதுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அது தானாக இருக்கக்கூடும் என்றும் தோன்றியது.

*

மாலையில் மேற்பார்வையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் சாவிக் கொத்துகள். உட்காரச் சொல்லவில்லை.

"காலையில நீங்க செஞ்சது தப்பு" என்றார்.

"ஆமா சார்."

"பார்த்த உடனே சொல்லியிருந்தீங்கன்னா அந்தம்மா இவ்வளவு நாடகம் ஆடியிருக்க மாட்டாங்க."

"ஆமா சார். சொல்லி அனுப்புவீங்க இல்லையா சார்?" என்று மாப்பிள்ளை தானே வழியை எடுத்துக்கொடுத்தார். பழக்கப்பட்ட வழிதானே.

மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்லி அனுப்பணும்?"

"வேலை... இல்லைன்னு."

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? இங்க பாருங்க. இந்த வாசல்ல நிக்கிறவங்க தப்பு பண்ணா, அதை மறைக்கிறதுக்குத்தான் முதல்ல பார்ப்பாங்க. நீங்க நூறு பேர் முன்னாடி கத்திச் சொன்னீங்க. லேட்டா சொன்னீங்க. லேட்டா சொன்னதுக்குத் தண்டனையா நாளையில இருந்து பக்கவாசல். வெயில் அடிக்கும், குப்பை வண்டி வரும். கூடத்து பெஞ்சு வேலை முடியுற வரைக்கும் அங்கதான் நிக்கணும்."

"அதுக்கப்புறம் சார்?"

"அதுக்கப்புறம் முன்வாசல்."

"அதுக்கும் அப்புறம்?"

"ரிட்டயர் ஆகுற வரைக்கும் முன்வாசல்தான்யா! வேற என்ன, என் நாற்காலி வேணுமா?" என்று மேற்பார்வையாளர் எரிந்து விழுந்தார். அதைவிட இனிமையாக யாரும் அதுவரை மாப்பிள்ளையிடம் எரிந்து விழுந்ததில்லை.

வீட்டு வாசலில் அத்தையும் மனைவியும் காத்துக்கொண்டு நின்றார்கள். அத்தையின் கண் சிவந்திருந்தது.

"மாப்பிள்ளை, என்னாலதான..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா அத்தை, உங்களாலதான்" என்றார் மாப்பிள்ளை. "உங்களாலதான் வெயில்ல நிக்கப் போறேன். வேலை நிரந்தரம். தொப்பி ஒண்ணு வாங்கணும்."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அத்தை இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு, "ஒரு நிமிஷம் 'நீ'ன்னு கூப்பிட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

"ஒரு நிமிஷம்கூட இல்லை அத்தை. நடுவுல நடுவுல 'நீங்க'ன்னுதான் திட்டினீங்க."

பெஞ்சு வேலை அத்தையின் பட்டறைக்கே கிடைத்தது. அடுத்த வாரம் முதல் அவர் தினமும் காலையில் ரெக்சின் சுருள்களும் ஃபோம் பலகைகளும் கருவிப் பெட்டியுமாகப் பக்கவாசலுக்கு வந்து இறங்கினார். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான், கத்தியையும் சேர்த்துத்தான். அவர் வண்டி தெருமுனையில் தெரிந்ததுமே மாப்பிள்ளை நிமிர்ந்து நின்று, "எங்க அத்தை வர்றாங்க!" என்று உரக்க அறிவித்துவிட்டு ஒதுங்குவார். விசில் முன்வாசலில் இருந்து ஓடிவந்து பெட்டியைத் திறந்து பார்ப்பாள்.

சில நாட்களில் அறிவிப்புக்கும் தேவை இல்லாமல் போயிற்று. குப்பை வண்டிக்காரரே தூரத்தில் இருந்து குரல் கொடுப்பார்.

"சார், உங்க அத்தை வர்றாங்க! தள்ளி நில்லுங்க!"

மாப்பிள்ளை புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அத்தை அவரைப் பார்க்காத மாதிரி விறைப்பாக நடந்து உள்ளே போவார். இப்படி ஒதுங்கி நிற்பதற்கும் சேர்த்துத்தான் தனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள் என்று நினைக்கும்போது, மாப்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்குவதுதான் அந்த வாசலில் கஷ்டமான வேலையாக இருந்தது.